ஆக்ஸ்ஃபோர்டில் படகில் குடியிருக்க: நிரந்தர மூரிங் தேடும் வழி

ஆக்ஸ்ஃபோர்டு ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குள் நடந்தால் கொஞ்ச தூரத்தில் ஹைத் பிரிட்ஜ் தெரு வரும். கால்வாய் முடிகிற இடம் அது. அங்கிருந்து வடக்கே பார்த்தால் நீளமான, ஒல்லியான இரும்புப் படகுகள் வரிசையாகக் கட்டியிருக்கும். கூரைமேல் பூந்தொட்டியும் விறகும் சைக்கிளும் இருக்கும், புகைபோக்கியில் புகை வரும். அவற்றில் பல குடும்பங்கள் வருஷக்கணக்காகக் குடியிருக்கின்றன. படிக்கவோ வேலைக்கோ வந்து, இந்த ஊர் வாடகையைக் கேட்டு மலைத்துப்போனவர்களுக்கு அந்த இடத்தில் நிற்கும்போது ஒரு யோசனை தோன்றத்தான் செய்யும்: நாமும் ஒரு படகு வாங்கினால் என்ன?

வாங்கலாம், நல்ல வாழ்க்கைதான். ஆனால் விலைக்குப் படகு எப்போதும் கிடைக்கும், அதைக் கட்டிவைக்க இடம்தான் கிடைக்காது. படகை நிரந்தரமாகக் கட்டிவைக்கும் இடத்தை இங்கே மூரிங் என்கிறார்கள். முதலில் மூரிங், அப்புறம் படகு என்ற வரிசையை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றாதீர்கள். படகின் நீளம், அகலம், உயரம், டாய்லெட் வகை வரை எல்லாவற்றையும் அந்த இடம்தான் முடிவு செய்யும்.

எந்தத் தண்ணீர்?

ஆக்ஸ்ஃபோர்டில் படகு நிற்கக்கூடிய தண்ணீர் இரண்டு. ஒன்று தேம்ஸ் நதி, இந்த ஊர்க்காரர்கள் ஐசிஸ் என்று சொல்வது. மற்றது ஆக்ஸ்ஃபோர்டு கால்வாய். செர்வெல் என்று மூன்றாவதாக ஓர் ஆறு ஊருக்குள் ஓடினாலும் அங்கே கோல் ஊன்றித் தள்ளும் பண்ட் படகுகள்தான் போகும், குடியிருப்புக்கு அது உதவாது.

இரண்டுக்கும் நிர்வாகம் வேறு வேறு. நதிக்குப் பொறுப்பு என்விரான்மென்ட் ஏஜென்சி என்ற அரசு அமைப்பு. கால்வாயைப் பார்த்துக்கொள்வது கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை, 2012-இல் பழைய பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து பொறுப்பேற்றது. உரிமம், கட்டணம், விதிகள் எல்லாம் தனித்தனி. இரண்டிலும் அடிக்கடி போய்வருகிறவர்கள் கோல்டு லைசன்ஸ் என்ற கூட்டு உரிமம் வாங்கிக்கொள்கிறார்கள். ஊருக்குள் இரண்டையும் இணைப்பது ஐசிஸ் லாக். லாக் என்பது நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவு வைத்த தொட்டி. ஊருக்கு வடக்கே டியூக்ஸ் கட் என்று இன்னொரு இணைப்பு இருக்கிறது.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் கால்வாயைத்தான் சொல்வேன். கால்வாயில் நீர்மட்டம் பெரும்பாலும் ஒரே அளவில் நிற்கும். நதி அப்படி இல்லை. குளிர்காலத்தில் தேம்ஸ் ஓரிரு நாளில் மளமளவென்று ஏறும், இழுப்பும் பலமாக இருக்கும். 2007 ஜூலை, 2014 ஜனவரி, 2024 ஜனவரி என்று இந்த ஊர் திரும்பத் திரும்ப வெள்ளத்தைப் பார்த்திருக்கிறது. நீரோட்டம் கூடினால் லாக்குகளில் எச்சரிக்கைப் பலகை மாட்டுவார்கள்: மஞ்சள் என்றால் ஓட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது, சிவப்பு என்றால் பலத்த ஓட்டம், கிளம்பாதே. நதியில் குடியிருப்பவர் மழை நாளில் ராத்திரி எழுந்து கயிற்றைத் தளர்த்தவோ இறுக்கவோ வேண்டியிருக்கும். வேலை விஷயமாக வாரக்கணக்கில் வெளியூர் போகிறவருக்கு அது ஒத்துவராது.

கால்வாயிலும் எல்லா இடமும் ஒன்று போல இல்லை. ஷிப்டன் வியர் லாக்குக்கும் பேக்கர்ஸ் லாக்குக்கும் நடுவே கால்வாய் ஏறக்குறைய ஒரு மைல் தூரத்துக்குச் செர்வெல் ஆற்றிலேயே ஓடுகிறது. செர்வெல் பெருகினால் அந்தத் துண்டில் போக முடியாது. அதற்கு வடக்கே மூரிங் எடுத்தால், படகோடு ஆக்ஸ்ஃபோர்டு வர நினைத்த நாளில் தண்ணீர் வடியும்வரை காத்திருக்க நேரலாம்.

படகின் அளவை இந்த ஊர் முன்பே முடிவு செய்துவிட்டது

கால்வாய் ஆக்ஸ்ஃபோர்டை வந்து சேர்ந்தது 1790 ஜனவரி 1-ஆம் தேதி, கவென்ட்ரி பக்கத்து நிலக்கரியைக் கொண்டுவருவதற்காக. அதற்கு வழி அளந்த ஜேம்ஸ் பிரிண்ட்லி குறுகலான லாக்குகளைத் தேர்ந்தெடுத்தார், அகலம் சுமார் 7 அடி. அதனால்தான் இன்றைக்கும் நேரோபோட் என்கிற படகின் அகலம் 6 அடி 10 அங்குலத்தில் நிற்கிறது. நீளம் 70 அடிவரை இந்த லாக்குகளில் போகும். 'வைட்பீம்' எனப்படும் அகலப் படகு விலையும் வசதியும் பார்த்தால் ஆசையாக இருக்கும், ஆனால் ஆக்ஸ்ஃபோர்டு பக்கத்துக் கால்வாய்க்குள் அது நுழையவே நுழையாது. நதியில் மட்டும்தான் இருக்க முடியும்.

நதியிலும் ஒரு தடை இருக்கிறது. ஆஸ்னி பாலத்துக்கு அடியில் கிடைக்கும் உயரம் 7 அடி 6 அங்குலம்தான், வெள்ளக் காலத்தில் அதைவிடக் குறைவு. உயரமான குரூசர் படகுகள் அந்தப் பாலத்தோடு நின்றுவிட வேண்டியதுதான். பாலத்துக்கு மேல்பக்கம் மூரிங் எடுப்பதானால் இதை முதலில் அளந்து பாருங்கள்.

என் கணக்கில், தனியாகவோ இருவராகவோ இருப்பவர்களுக்கு 45-லிருந்து 57 அடிக்குள் ஒரு நேரோபோட் போதும். கட்டணம் நீளத்தைப் பொறுத்தது என்பது ஒரு காரணம். காலியாகும் இடங்களில் 70 அடி படகுக்கு இடம் தருபவை குறைவு என்பது அதைவிடப் பெரிய காரணம்.

மூன்று வகை, மூன்று வாழ்க்கை

தேடத் தொடங்குமுன் எந்த வகை மூரிங் வேண்டும் என்று தெளிவாகுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான்.

முதல் வகை ரெசிடென்ஷியல் மூரிங். அந்த இடத்தில் முழுநேரமும் குடியிருக்கத் திட்ட அனுமதி இருக்கும், ஒப்பந்தத்திலும் அப்படியே எழுதியிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டில் இவை மிகக் குறைவு. ஹைத் பிரிட்ஜிலிருந்து வடக்கே வோல்வர்கோட் பக்கம்வரை கால்வாயோரம் ஆங்காங்கே இருக்கின்றன. ஒருவர் விட்டுப்போனால்தான் அடுத்தவருக்கு வாய்ப்பு.

இரண்டாவது லெஷர் மூரிங். படகை வைத்துக்கொள்ளலாம், சனி ஞாயிறு வந்து தங்கலாம், குடியிருக்கக் கூடாது. "யாரும் கேட்கமாட்டார்கள்" என்று சொல்லி இதில் குடிவைக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். நகராட்சி கேட்டாலோ பக்கத்து நிலத்துக்காரர் புகார் செய்தாலோ வெளியேற வேண்டியவர் நீங்கள்தான். "இங்கே என் ஒரே வீடாக வைத்துக் குடியிருக்கலாமா?" என்று நேராகக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் அந்த இடம் வேண்டாம்.

மூன்றாவது, மூரிங் இல்லாமலே இருப்பது. 1995-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாட்டர்வேஸ் சட்டப்படி, நிலையான இடம் இல்லாத படகும் கால்வாய் உரிமம் பெறலாம். ஆனால் உண்மையான பயணத்துக்காகப் பயன்படுத்தப்பட வேண்டும், ஓரிடத்தில் தொடர்ந்து 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது. எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. அதற்காக ஊருக்குள் கால்வாயோரம் உள்ள ஜெரிகோவுக்கும் வோல்வர்கோட்டுக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தால் டிரஸ்ட் ஏற்காது. ஆண்டு முழுக்கப் படகு எங்கெங்கே நின்றது என்று அவர்கள் குறித்து வைப்பார்கள். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது அது கேள்வியாக வரும், முடிவில் படகையே அகற்றும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து இப்படிப் பயணம் செய்யும் படகுகளுக்கு உரிமத்தில் கூடுதல் கட்டணமும் வந்திருக்கிறது, வருஷா வருஷம் ஏறுகிறது. ஆக்ஸ்ஃபோர்டில் தினசரி வேலை, பள்ளிக்குப் போகும் குழந்தை என்று இருப்பவர்கள் இதைச் செலவு குறைந்த வழி என்று எண்ணி இறங்க வேண்டாம். பயணம் பிடித்து, வேலையும் இடம்கொடுத்தால் அருமையான வாழ்க்கை.

தேடுவது எப்படி

டிரஸ்டின் இணையதளத்தில் காலியான மூரிங்குகளை அறிவிப்பார்கள். அங்கே கணக்குத் தொடங்கி, ஆக்ஸ்ஃபோர்டையும் சுற்றுவட்டத்தையும் தேர்ந்தெடுத்து அறிவிப்பு வருமாறு வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்கள் குறித்த விலைக்கு வரும், சில ஏலத்தில் போகும். ஏலம் என்றால் உங்கள் உச்ச வரம்பை முன்பே எழுதி வைத்துக்கொண்டு அதைத் தாண்டாதீர்கள். இந்த ஊருக்கு வரும் ஆசை விலையை ஏற்றிவிடும்.

ஆனால் நிறைய இடங்கள் எந்த இணையதளத்துக்கும் வருவதில்லை. விவசாயிகள், படகுப் பட்டறைகள், படகுச் சங்கங்கள், கால்வாயோரம் தோட்டம் உள்ள வீட்டுக்காரர்கள் என்று பலரிடம் கரை இருக்கிறது. இவர்களைப் பிடிக்க ஒரே வழி நடப்பது. ஒரு சனிக்கிழமை ஹைத் பிரிட்ஜில் தொடங்கி, ஜெரிகோ, அரிஸ்டாட்டில் பாலம், வோல்வர்கோட் வழியாகக் கரையோரப் பாதையில் நடங்கள். இன்னொரு நாள் நதிப்பக்கம் ஆஸ்னியிலிருந்து போர்ட் மெடோ ஓரமாக மெட்லி, காட்ஸ்டோ வரை. வெளியே உட்கார்ந்திருப்பவருக்கு வணக்கம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். மூடிய கதவைத் தட்டவேண்டாம். அடுத்தவர் படகுமேல் அனுமதியில்லாமல் கால் வைப்பது பெரிய மரியாதைக்குறைவு. யார் கிளம்பப்போகிறார், எந்தப் பண்ணைக்காரர் இடம் விடுவார் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பட்டறைகளில் காத்திருப்போர் பட்டியல் இருந்தால் பெயர் எழுதிவைத்து, சில மாதத்துக்கு ஒருமுறை போய்த் தலைகாட்டுங்கள்.

தோட்டக் கரை கிடைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். நிலம் தனியாருடையதாக இருந்தாலும் தண்ணீர் டிரஸ்டுடையது. அதனால் வீட்டுக்காரருக்கு வாடகை போக, டிரஸ்டுக்கும் தனியாக மூரிங் கட்டணம் கட்ட வேண்டும். பலர் முதல் எண்ணை மட்டும் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடுகிறார்கள்.

ஊருக்குள்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் வட்டத்தைப் பெரிதாக்குங்கள். லோயர் ஹேஃபோர்டில் ரயில் நிலையம் கால்வாயை ஒட்டியே இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு நேரடி ரயில் உண்டு, ஆனால் அடிக்கடி கிடையாது, நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் வடக்கே பான்பரியில் கால்வாய் ஊர் நடுவிலேயே போகிறது, நிலையம் நடக்கும் தூரம். த்ரப் என்ற சின்னக் கிராமம் படகுக்காரர்களுக்கே உரியது போன்ற இடம், கிட்லிங்டன் பஸ் எட்டும் தொலைவில் இருக்கிறது. நதியில் தெற்கே அபிங்டனும் மேற்கே எய்ன்ஷமும் உண்டு, இரண்டிலும் ரயில் இல்லை, பஸ்தான். ஜான் ராட்கிளிஃப் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: அது ஹெடிங்டன் மேட்டில், கால்வாய்க்கு ஊரின் மறுபக்கத்தில் இருக்கிறது. இரவுப் பணி முடிந்து எப்படித் திரும்புவீர்கள் என்று கணக்குப் போட்டு இடம் தேடுங்கள்.

போய்ப் பார்க்கும்போது

வெயில் நாளில் பார்த்து மயங்காதீர்கள். முடிந்தால் மழைக்கு மறுநாளும், இருட்டிய பிறகும் ஒருமுறை போங்கள். பாதை சேறாகுமா? விளக்கு உண்டா? கேஸ் சிலிண்டரையும் நிலக்கரி மூட்டையையும் எவ்வளவு தூரம் தூக்க வேண்டும்? தண்ணீர்க் குழாய் எங்கே? கரண்ட் இணைப்பு இருக்கிறதா, மீட்டரா, கார்டா? மரநிழல் அடர்ந்த கரையில் சோலார் தகடு பாதிதான் வேலை செய்யும். ஜெரிகோ பக்கம் ரயில் பாதை அருகிலேயே ஓடுகிறது, உள்ளே உட்கார்ந்து கேட்டுப்பாருங்கள். செல்போன் சிக்னலையும் படகுக்குள் இருந்தே சோதியுங்கள். இரும்புக் கூடு சிக்னலைக் குறைக்கும்.

டாய்லெட் விஷயத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பெரிய தொட்டி உள்ள பம்ப்-அவுட் படகு என்றால் மாதத்துக்கு ஓரிரு முறை உறிஞ்சும் நிலையத்துக்குப் படகையே கொண்டுபோக வேண்டும், அல்லது எரிபொருள் விற்கும் படகுக்காரர் வந்து செய்ய வேண்டும். காசெட் வகை என்றால் நீங்களே எடுத்துப்போய்க் கொட்டலாம், அதற்கான இடம் பக்கத்தில் இருக்க வேண்டும். இது தெரியாமல் படகு வாங்கக் கூடாது.

நதியோரம் என்றால் கரையில் உயரமான கம்பங்கள் நட்டிருக்கின்றனவா, வளையம் நீரோடு ஏறி இறங்குமா என்று பாருங்கள். நிலத்தில் வெறும் வளையம் மட்டும் என்றால், வெள்ளத்தில் படகு கரைமேல் ஏறி உட்கார்ந்து, தண்ணீர் வடியும்போது சாய்ந்துவிடும் ஆபத்து உண்டு. இஃப்லி லாக்குக்கும் ஃபாலி பாலத்துக்கும் நடுவே கல்லூரித் துடுப்புப் படகுகள் விடியற்காலையிலிருந்தே ஓடும். டார்பிட்ஸ் போட்டி குளிர்காலக் கடைசியிலும், சம்மர் எய்ட்ஸ் என்ற எட்டுப்பேர் துடுப்புப் போட்டி மே மாதத்திலும் நடக்கும். அந்த நாட்களில் மற்றப் படகுகள் இஷ்டம்போலப் போக முடியாது.

ஒப்பந்தம்

அவசரப்படக் கூடாத இடம் இது. இங்கிலாந்தில் வீட்டு வாடகைதாரருக்குக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு படகில் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை. லண்டன் செல்சியில் ஒரு படகுவீட்டு வழக்கில் 2000-ஆம் ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இதற்கு அடிப்படை: படகு அசையும் பொருள், நிலத்தின் பகுதி கிடையாது, அதனால் வீட்டு வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பு அதற்குப் பொருந்தாது. படகையே வாடகைக்கு எடுப்பவர்களும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆக, உங்களுக்கு இருக்கும் பாதுகாப்பு அந்தக் காகிதத்தில் எழுதியிருப்பதுதான்.

அதனால் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். எத்தனை காலத்துக்கு ஒப்பந்தம்? காலி செய்யச் சொன்னால் எத்தனை மாத அவகாசம்? கட்டணம் எதை வைத்து ஏறும்? நில உரிமையாளர் மாறினால் ஒப்பந்தம் தொடருமா? படகை மாற்றினால் இடம் நீடிக்குமா? படகை விற்கும்போது இடம் வாங்குபவருக்குப் போகுமா?

கடைசிக் கேள்வி முக்கியம். "மூரிங்கோடு விற்பனைக்கு" என்று விளம்பரம் வரும், விலையும் அதற்கேற்ப ஏறியிருக்கும். ஆனால் டிரஸ்டின் மூரிங் படகோடு கைமாறுவதில்லை, தனியார் இடங்களிலும் உரிமையாளர் சம்மதம் வேண்டும். விற்பவர் சொல்வதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். கரைக்கு உரிமையாளர் யாரோ அவரிடமிருந்து உங்கள் பெயருக்கு எழுத்து வந்த பிறகே முன்பணம். படகுவாசிகளுக்கென்றே 1963-இலிருந்து இயங்கும் ரெசிடென்ஷியல் போட் ஓனர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கம் இருக்கிறது. கையெழுத்துக்கு முன் அவர்களிடம் ஆலோசனை கேட்பது நல்லது.

இனி படகும் காகிதங்களும்

இடம் உறுதியான பிறகு படகு. வாங்குமுன் தண்ணீரிலிருந்து தூக்கி, சுயேச்சையான சர்வேயரை வைத்து அடித்தகட்டின் கனத்தை அளக்கச் சொல்லுங்கள். பழைய படகு என்றால் காப்பீட்டுக்காரரும் இந்த அறிக்கையைக் கேட்பார். உரிமம் வாங்க மூன்று வேண்டும்: காப்பீடு, போட் சேஃப்டி ஸ்கீம் சான்றிதழ், மூரிங் விவரம். அந்தச் சான்றிதழ் 4 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்பது. கேஸ், மின்சாரம், எரிபொருள் எல்லாம் பார்ப்பார்கள், 2019 ஏப்ரலிலிருந்து கார்பன் மோனாக்சைடு அலாரமும் கட்டாயம். குளிரில் ஜன்னலைச் சாத்தி விறகடுப்பு எரிக்கும் வாழ்க்கையில் அந்த அலாரம்தான் உயிர்க்காவல், பேட்டரியைச் சோதித்துக்கொண்டே இருங்கள். அடுப்புப் புகை பற்றியும் நகராட்சியிடம் கேளுங்கள். 2021 சுற்றுச்சூழல் சட்டத்துக்குப் பிறகு, கட்டி நிற்கும் படகுகளையும் புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் சேர்க்க நகராட்சிகளுக்கு அதிகாரம் இருக்கிறது.

செலவுக் கணக்கில் மூரிங், உரிமம், காப்பீட்டோடு டீசல், கேஸ், நிலக்கரி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அடிப்பகுதிக்குக் கருப்புப் பூச்சு, இவற்றையும் எழுதுங்கள். ரெசிடென்ஷியல் மூரிங்குக்குக் கவுன்சில் டாக்ஸ் என்ற நகராட்சி வரி வரலாம், பெரும்பாலும் மிகக் குறைந்த ஏ பேண்டில் இருக்கும்.

முகவரி நம்மவர்களுக்குத் தனிக் கவலை. ரெசிடென்ஷியல் மூரிங்கில் பெரும்பாலும் தபால் முகவரி கிடைக்கும், ஒப்பந்தத்துக்கு முன் கேட்டுக்கொள்ளுங்கள். விசாவில் இருப்பவர்கள் குடிவரவுத் துறையிடம் உள்ள விவரத்தை மாற்ற மறக்கக் கூடாது. ஜிபி டாக்டரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயம் இல்லை, வரவேற்பில் கேட்டாலும் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். இந்திய, இலங்கைக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், இங்கே சட்டப்படி வசித்தால் வாக்குரிமை உண்டு. நிலையான முகவரி இல்லாவிட்டாலும், இந்தப் பகுதியோடு தொடர்பு இருக்கிறது என்று உறுதிமொழி கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம்.

படகை வேறு ஊரில் வாங்கினால் கொண்டுவரும் மாதத்தைக் கவனியுங்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை பராமரிப்புக்காக லாக்குகளை மூடுவார்கள், வறண்ட கோடையிலும் தண்ணீர் இல்லாமல் கால்வாய் மூடப்படுவதுண்டு. ஏப்ரல், மே மாதங்கள் நல்லவை. கிளம்புமுன் டிரஸ்டின் அடைப்பு அறிவிப்புகளைப் பாருங்கள்.

இடம் கிடைக்கவே நாளானால், குளிர்காலத்தை மட்டும் சமாளிக்க ஒரு வழி உண்டு. டிரஸ்ட் இலையுதிர் காலத்தில் நவம்பர் முதல் பிப்ரவரி முடிய வின்டர் மூரிங் விற்கும். அது குடியிருப்பு இடமாகிவிடாது, ஆனால் 14 நாள் விதியில்லாமல் ஓரிடத்தில் நிற்கலாம். படகு ஏற்கெனவே கையில் இருந்தால், அந்த மாதங்களில் அக்கம்பக்கத்துப் பண்ணைகளையும் பட்டறைகளையும் நேரில் போய்க் கேளுங்கள். காத்திருப்போர் பட்டியலில் உள்ள உங்கள் ஃபோன் எண் சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அழைப்பை எடுக்காதவரை விட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.